முதுகுக்கு முதுகு

பாலக்கோட்டில் டயர் கடை மாடியில்
ஏழு மணி ஸ்போக்கன் இங்கிலீஷ்.
பதினொரு நாற்காலி, ஒன்பது பேர்.
மீதி இரண்டுக்கும் கால் சரியில்லை.

முந்நூற்று இருபது ரூபாய் கொடுத்து
தருமபுரியில் வாங்கிய உரையாடல் புத்தகம்.
முதல் பாடம் விமான நிலையம்.
இரண்டாவது பனிச்சறுக்கு விடுமுறை.
மூன்றாவதில் ஒருவர்
சூப்பில் ஈ கிடப்பதாக ஒன்றரைப் பக்கம் புகார் சொல்கிறார்.
திம்மராஜ் கேட்டான்:
"ஈயத் தூக்கிப் போட்டுட்டுக் குடிக்க மாட்டாருங்களா சார்?"
அதையே ஆங்கிலத்தில் கேளுப்பா என்றேன்.
அடங்கிப்போனான்.

புத்தகத்தை மூடிவைத்தேன்.
அப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் பாடம்.
மாம்பழக்கூழ் டப்பாவின் லேபிள்,
சளி மருந்துப் பெட்டிக்குள் எட்டாய் மடித்த பொடியெழுத்துத் தாள்,
ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஒட்டியிருந்த ஷிப்ட் நேரம்.
தக்காளி மண்டிச் சீட்டு ஒன்றைக்
கரும்பலகையில் பெரிதாக வரைந்து
கேள்வி கேளுங்கள் என்றேன்.
மண்டியில் சீட்டு எழுதுகிறவன் திம்மராஜ்.
சொந்த அப்பாவின் பெட்டிகளுக்கும் அவன்தான் கழிவு எழுதுவான்.
ஒன்பது கேள்வி எழுதினான், இலக்கணப் பிழையில்லாமல்.
வாசி என்றதும் கை வாய்க்குப் போனது.

எல்லோருக்கும் அப்படித்தான் போனது.
சபீனாவுக்கு துப்பட்டா நுனி,
மாதேஸ்வரிக்கு நோட்டு.
கூச்சம் என்று முடிவு கட்டினேன்.
கூச்சம் போக்க விளையாட்டு தேடினேன்.
பந்தை எறிந்து, பிடித்தவர் பேச வேண்டும்.
பந்து ஜன்னல் வழியே போனது.
டயர் கடைக்காரர் திருப்பித் தரவில்லை.

சந்தையில் பத்து ரூபாய்க் கண்ணாடி ஒன்பது வாங்கினேன்.
'தேங்க்ஸ்' என்பதற்கு
நாக்கு நுனி பல்லுக்கு நடுவே வர வேண்டும்,
வருகிறதா, கண்ணாடியில் பாருங்கள்,
ஸ்மைல், ஸ்மைல் ப்ளீஸ்.

ஒன்பது கண்ணாடியும் மேசையில் குப்புறக் கிடந்தன.
கீழே ஏதோ வண்டிக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்,
அது முடிகிற வரைக்கும் யாரும் பேசவில்லை.
பிறகு மாதேஸ்வரி, நோட்டுக்குப் பின்னாலிருந்து, தமிழில்:
"எங்க ஊரு போர்த் தண்ணிங்க சார்."

நான் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்.
ஸ்மைல் ப்ளீஸ் என்று
நான்கு மாதத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

மறுநாள் நாற்காலிகளை
முதுகுக்கு முதுகு ஒட்டிப் போட்டேன்.
இது போன், என்றேன். நீ ஓசூரில் இருக்கிறாய், அவள் இங்கே.
வேறு காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

சபீனா பெங்களூரில் இல்லாத ஓர் அக்காவைக் கூப்பிட்டாள்.
"யெஸ்டர்டே ஐ ஈட்... நோ. ஐ டிட் நாட் ஈட்."
"வொய்?"
"ஐ வாஸ் ஆங்ரி."
வீட்டில் எந்த மொழியிலும் அவள் இதைச் சொன்னதில்லை என்று
பிற்பாடு தெரிந்தது.

ஒற்றைப்படை என்பதால் திம்மராஜுக்கு நானே ஜோடி,
மண்டி முதலாளியாக.
"ஹலோ. மை ஃபாதர் டொமேட்டோ. குட் டொமேட்டோ.
டூ கிலோ வேஸ்ட், ஹூ டோல்ட் யூ?"
எனக்கு பதில் வரவில்லை.
"ஹலோ? ஹலோ? சார், லைன் கட்டாயிடுச்சா?"
பக்கத்து ஜோடியில் மாதேஸ்வரி சிரித்துவிட்டாள்.
பார்க்கவில்லை.
ஒட்டிப் போட்ட நாற்காலிகள் வரிசையாக ஆடின,
என் முதுகு வரைக்கும் வந்தது.

கண்ணாடிகள் பையில்தான் இருக்கின்றன.
சந்தைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்.
திங்கட்கிழமைக்குப் பாடம் தேட வேண்டும் என்றதற்கு
மாதேஸ்வரி ஒரு தாள் கொண்டுவந்தாள்,
அவள் ஊர்த் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை, ஆங்கிலத்தில்,
ஓரத்தில் பசை காயாமல்.

"வாசிக்கத் தெரியுதுங்க சார்.
யாருக்குப் போன் பண்றதுன்னுதான் தெரியல."